அம்மா இந்த விலாசத்தில் இல்லை

போலீஸ்காரரிடம் நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பொய்யைக் கன்னடத்தில் சொன்னேன். என் கன்னடப் பரீட்சைத் தாளைத் திருத்தித் திருத்தி நொந்துபோன டீச்சர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். அவ்வளவு சுத்தமாக, தடங்கலே இல்லாமல் வந்தது.

அப்போது நாங்கள் மர்பி டவுனில் ஒரு கீழ்வீட்டில் குடியிருந்தோம். அப்பா பெயின்டர். வைட்ஃபீல்டில் பதினெட்டு மாடி அபார்ட்மென்ட் ஒன்றுக்குச் சாரத்தில் நின்று வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்தவர், இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். பதினெட்டாவது மாடியிலிருந்து விழாமல் போனாரே என்று பார்க்க வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு வாடகை கொடுக்க முடியவில்லை. அம்மா அல்சூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், பிறகு ஐந்தாக்கினாள், அதுவும் போதவில்லை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். நல்ல வீடு. வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் போன் பேசுவாள். அவளுடைய மேடத்தின் மகள் அடுத்த வீட்டிலேயே இருந்தாள், அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அக்காவும் தங்கையும் ஒரே மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கலாம். இதைவிட நல்ல இடம் சீமையில் தேடினாலும் கிடைக்காது என்று எல்லாரும் சொன்னார்கள்.

“ரம்ஜானுக்கு முன்னால வந்துடுக்கா. அதுக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்க, வேற ஆள வெச்சுக்குவாங்க” என்று சித்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னாள்.

அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. இன்னும் ஒரு மாதம் பொறு, நான் எழுந்து நடந்துவிடுவேன் என்று படுத்துக்கொண்டே சொல்வார். அம்மா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் பவுடர் போடுவாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. இனி போலீஸ் வந்து விசாரிக்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் ஒத்திகையே நடந்தது. போலீஸ்காரர் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட வேண்டும். ஃபேனைப் போட வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட வேண்டும். அம்மா வேலைக்குப் போயிருந்தால் ஓடிவந்து சொல்ல வேண்டும். இத்தனையும் எனக்குப் பாடம். சொல்லிக் கொடுத்த கையோடு அம்மா இன்னொன்றையும் சொல்லிவிட்டாள்: “இந்த அட்ரஸ்ல இல்லன்னு மட்டும் அவரு எழுதிட்டாருன்னா எல்லாம் போச்சு, தெரியுமா?”

தெரியும். நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட முதல் வாரம் அவர் வந்தார். மப்டியில்தான் இருந்தார், ஆனால் காக்கி பேன்ட்டும் பிரவுன் ஷூவும் காட்டிக்கொடுத்தன. கையில் ஒரு ஃபைல். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தேன்.

“மனேலி யாரூ இல்வா?” என்று, வீட்டில் யாரும் இல்லையா எனக் கன்னடத்தில் கேட்டுவிட்டு, அம்மாவின் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்து ஃபைலிலிருந்து வாசித்தார். யாரும் அம்மாவை அப்படி முழுப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏற்கெனவே வேறு யாரோ ஆகிவிட்டவளைப் போல இருந்தது.

நான் எழுந்து நின்று, “அவரு காலி மாடிதாரே சார்” என்றேன்.

எப்போது காலி செய்தார்கள் என்று கேட்டார். போன மாதம் என்றேன். நீ யார் என்றார். மேல்வீட்டுப் பெண் என்றேன். உள்ளே அப்பா ஒரு முறை இருமினார். அது யார் என்று மட்டும் அவர் கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவர் கேட்கவில்லை. வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஃபைலில் ஏதோ கிறுக்கிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வந்து முகம் கழுவி, சோறு வடித்து, அப்பாவுக்கு ஊட்டினாள். எனக்கு அன்றைக்கென்று முட்டை பொரித்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை சித்தி போனில் கேட்டபோது, “இன்னும் போலீஸ் வரலடி” என்றாள். நான் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். ஒரு பெரிய அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட பெருமை எனக்கு. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரலடி. அதற்கடுத்த வெள்ளியும் அதே பதில். சித்தி போலீஸைத் திட்டினாள். அம்மாவும் சேர்ந்து திட்டினாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பாவின் இடுப்பில் வைத்திருந்த பிளேட்டைச் சுற்றிச் சீழ் பிடித்து, மறுபடி ஆபரேஷன் என்றார்கள். அம்மா ஒரு நாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இரண்டே வாரத்தில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. என் பொய் எப்படித் தோற்றது என்று எனக்குப் புரியவேயில்லை. அதற்குள் ரம்ஜான் பிறந்து, சித்தியின் அடுத்த வீட்டுக்கு வேறு யாரோ போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அம்மா சிவாஜிநகரில் ஒரு ஏஜென்ட் மூலமாகப் போனாள். குவைத்தேதான், ஆனால் வேறு வீடு. சித்தியின் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று சித்திக்கே தெரியாது. முதல் வருடம் போன் வந்தது. பிறகு அந்த வீட்டுக்காரர்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டை முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். பணம் மட்டும் சில மாதம் வரும், சில மாதம் வராது. நான் பெரியவளானதற்குச் சடங்கு செய்தபோது அவள் இல்லை. அப்பா வாக்கரை விட்டுத் தடியூன்றி நடந்த நாளிலும் இல்லை. இரண்டு வருடம் என்று போனவள் ஆறு வருடம் கழித்து வந்தாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள், சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவாள். அடுத்த அறையிலிருந்து நான் சும்மா கூப்பிட்டால்கூட எழுந்து ஓடிவந்து கைகட்டி நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்பது வயதில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் காதில் கேட்கும். நல்ல வீட்டுக்குப் போக வேண்டியவளை அந்த வீட்டுக்குத் தள்ளியது நான்தான். யாரிடமும் சொல்லத் துணிவில்லை.

போன வருடம், நான் வேலை செய்யும் வைட்ஃபீல்டு கம்பெனியில் எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள் என்றார்கள். எனக்காக ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்து, கேட்பதற்கு முன்பே ஆதாரையும் கேஸ் பில்லையும் எடுத்து நீட்டினாள். அவர் போனபின் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த ஆளு சாயங்காலமே போன் பண்ணாரு. மேல்வீட்டுப் பொண்ணு நீங்க காலி பண்ணிட்டதா சொல்லுச்சும்மா, முன்பல்லு ரெண்டும் உடைஞ்ச பொண்ணுன்னாரு. மேல்வீட்டுல ரெண்டும் பையனுங்கதானே. நாளைக்கே ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்து போடுங்க, முடிச்சிடுறேன்னாரு.”

“அப்புறம் ஏம்மா போகல?”

“போகல.” டம்ளரை அலம்பினாள். “உனக்கு லீவாச்சே. லீவு முடியற வரைக்கும் உன்கூட இருந்துட்டுப் போலாம்னு பாத்தேன்.”



அந்த விடுமுறை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டு மத்தியானமே வந்துவிடுவாள். எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தலை வாரிவிடுகிறேன் வா, வா என்று கூப்பிடுவாள். நான் தெருக்கோடியில் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருப்பேன். அப்புறம் வரேம்மா என்று அங்கிருந்தே கத்துவேன். விளக்கு வைக்கும்வரை போக மாட்டேன். அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.