முதுகைப் பார்த்த சாட்சி

காசிமேட்டில் ரகுபதியின் கண்ணைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கடலில் புள்ளியாக வரும் லாஞ்சு யாருடையது என்று கரையில் நின்றே சொல்லிவிடுவார். அலையில் அது சாய்கிற தினுசு போதும் அவருக்கு. மனிதர்களையும் அப்படித்தான், நடையையும் தோளையும் வைத்தே பெயர் சொல்வார். அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாகிப் போனது. ஐப்பசி மழையில், மீன் ஏலம் போடும் இடத்தருகே, அவருடைய மச்சான் திருமுருகனை எவனோ பின்னாலிருந்து கத்தியால் குத்திவிட்டு ஓடினான். மஞ்சள் மழைக்கோட்டு, ஒருபக்கம் இறங்கிய தோள். ரகுபதி கண்டது முதுகை மட்டும். போலீஸ் கேட்டதும், "ஜெனிஷ்" என்று சொல்லிவிட்டார். படகுகளுக்கு அரிசி மூட்டை சுமந்து சுமந்தே ஒரு தோள் இறங்கிப்போன பையன் அவன். ரகுபதியே சொன்ன பிறகு வேறு ஆளைத் தேடுவார்களா என்ன? திருமுருகன் பிழைத்துக்கொண்டான். ஜெனிஷ் ஏழு மாதமாக ஜெயிலில் கிடக்கிறான்.

நாளைக்கு கோர்ட்டில் சாட்சி. "என் தம்பிய குத்துனவன வுட்டுடாதய்யா" என்று காலையிலேயே அழுதாள் மனைவி நர்மதா.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் கரையில் நின்றன. வலை பின்னும் கொட்டகையில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, போட்டோ ஸ்டுடியோ ஜெரி பட்டப்பகலில் ஒரு பழைய ஊமைப் படம் போட்டார். குதிரை, துப்பாக்கி, ஒரே ஓட்டம். பல் பிடுங்கிப் பிழைக்கும் அப்பாவி ஒருவன், கொள்ளைக்காரன் மாதிரியே தொப்பி வைத்த பாவத்துக்கு மாட்டிக்கொள்கிறான். குன்றின் மேலிருந்த ஒரு கிழவன் மார்தட்டி, கொள்ளைக்காரன் இவன்தான் என்று அவனைக் கைகாட்டுகிறான். திரையில் எழுத்து வர, ஜெரி தமிழில் சொன்னார்: "ஒரு மைலுக்கு அந்தாண்ட நின்னாலும் எனக்கு ஆளு தெரியும்!"

"டேய், நம்ம ரகு மாமாடா!" என்று எவனோ கத்த, கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது.

ரகுபதி மட்டும் எழுந்தார். வெளியே வந்தவர், வெயிலில் செருப்பில்லாமலே ஜெனிஷின் அம்மா தேவகிருபையின் மளிகைக்கடை வரைக்கும் நடந்தார்.

"அக்கா, அன்னிக்கு அவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. முதுகத்தான் பாத்தேன். நாளைக்கு கோர்ட்ல அப்டியே சொல்லிட்றேன்." பார்த்த படத்தையும் திக்கித்திக்கிச் சொன்னார்.

தேவகிருபை கத்தவில்லை. அளந்துகொண்டிருந்த துவரம்பருப்பைப் படியோடு கீழே வைத்தாள்.

"வீட்டுல உங்கள விடுவாகளா?"

"அவ எம் மூஞ்சில முயிக்க மாட்டா. பரவால்லக்கா."

"எம்புள்ள ஏழு மாசமா உள்ள கெடக்கான். ஒரு சிரிப்புப் படத்தப் பாத்த பொறவுதான் உங்களுக்கு இது தோணிச்சா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ரகுபதியால் முடியவில்லை.

"இல்லக்கா. அன்னிக்கே தோணிச்சி. ஊரு முன்னால மாத்திப் பேச வெக்கமா இருந்துச்சி."