புயலுக்கு ஐந்தரை மணி கூட்டியவன்

உலகத்துப் புயல் வரைபடங்கள் எல்லாம் கிரீன்விச் நேரத்தில்தான் வரும், அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் நம் ஊர் நேரம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. என் செல்போனில் இருந்த செயலி அந்த ஐந்தரையைத் தானே கூட்டிவிட்டுத்தான் காட்டுகிறது என்பது தெரியாமல், நான் அதன்மேல் இன்னொரு ஐந்தரையைக் கூட்டினேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கரையை நெருங்க வேண்டிய புயலை மாலை ஐந்தரைக்கு ஒத்திவைத்து, மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் ஒன்பது வீட்டுக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தும்விட்டேன். அறிவிப்பின் கீழே ஒரு குடைப் படமும் போட்டேன்.

இந்த வானிலைப் பதவி எனக்கு வந்த விதம் வேறு கதை. முந்தைய வருஷம் ஒரு புயல் ஆந்திராவுக்குத் திரும்பிவிடும் என்று போகிற போக்கில் சொன்னேன். அதுவும் திரும்பித் தொலைத்தது. அன்றிலிருந்து அக்டோபர் பிறந்தால் போதும், மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் என் உடம்பைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு வங்காள விரிகுடாவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஐரோப்பியக் கணிப்பு இப்படிச் சொல்கிறது, அமெரிக்கக் கணிப்பு அப்படிச் சொல்கிறது என்பேன். இரண்டு கண்டங்களின் சார்பிலும் பேசுகிறவனை யார் மறுத்துப் பேச முடியும்? என் மனைவி பேசுவாள். அவள் கணக்கில் வரமாட்டாள்.

புயலுக்கு முந்தின நாள் கட்டடமே திருவிழாக் கோலத்தில் இருந்தது. மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் குழாய்களின் வாயிலிருந்து இலைகளை வாரினோம். ஒரு ஆளை ஏற்றித் தென்னை மரத்துக் காய்களை எல்லாம் இறக்கினோம், காற்றில் பறந்து ஜன்னல் மேல் விழாதிருக்க. கார் வைத்திருந்தவர்கள் வெள்ளத்துக்குப் பயந்து அதை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். பால் பாக்கெட்டுக்காக நின்ற வரிசையில், ஒரே தெருவில் பல வருஷம் முகம் பார்க்காமல் வாழ்ந்தவர்கள் சம்பந்தம் பேசும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தரைத்தள மாமி என்னைத் தேடி வந்தார். கணவர் போன பிறகு இட்லி மாவு அரைத்து விற்பவர். பெரிய கிரைண்டர் இரண்டு, சுற்றியுள்ள மூன்று தெருக்களும் அவர் வாடிக்கை. வீட்டு வாடகை அந்த மாவிலிருந்துதான் வருகிறது. ஒரு நாள் மாவு இல்லை என்றால் ஜனங்கள் கடைப் பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்புவது கஷ்டம் என்பது அவருடைய நிரந்தரக் கவலை. விடியற்காலை மூன்று மணிக்கே அரிசியை ஊறப் போட்டு, காற்று கிளம்புவதற்குள் அரைத்துவிடலாமா என்று கேட்டார். எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். எட்டு மணிக்கு ஊறப் போடுங்கள், பன்னிரண்டுக்கு அரைக்க ஆரம்பியுங்கள், ஐந்தரை வரைக்கும் நேரம் கிடக்கிறது. அதோடு நிற்காமல், புயலுக்கு மறுநாள் கடை எதுவும் திறக்காது, மாவு பறந்துவிடும், இரண்டு மடங்காகப் போடுங்கள் என்று வியாபார ஆலோசனையும் வழங்கினேன்.

பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மா அப்போது மூன்றாம் மாடி பாய் வீட்டுக்கு ஐஸில் மிச்சமிருந்த கடைசி வஞ்சிரத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். பேச்சு காதில் விழுந்து, படியிலேயே நின்றார்.

"அஞ்சரையா? மத்தியானமே வந்துடும் சார். எங்காண்ட போட்டெல்லாம் கரை மேல இஸ்துட்டாங்க."

நான் புன்னகைத்தேன். இரண்டு கண்டங்கள் என் பக்கம் இருக்கும்போது அந்தப் புன்னகை தானாக வந்துவிடும்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மாமியின் அரிசி பதமாக ஊறி முடிந்தது. பன்னிரண்டு பத்துக்குக் கரண்ட் போயிற்று. அதுவரை சாதுவாக இருந்த வேப்பமரம் தலைவிரித்து ஆட ஆரம்பித்தது. மின்கம்பி அறுந்து யார் மேலாவது விழக்கூடாது என்று மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், இனி மறுநாள்தான் வருமாம். நான் செயலியைத் திறந்தேன். புயல் நேரத்துக்கு வந்திருந்தது. மூலையில் பொடி எழுத்தில் 'உள்ளூர் நேரம்' என்று போட்டிருந்தது.

மாமி படியேறி வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"பதினாறு கிலோ அரிசி, நாலு கிலோ உளுந்து, எல்லாம் அண்டாவுல ஊறிண்டிருக்கு. அஞ்சரைன்னு சொன்னேளே சார்."

அவருடைய இரண்டு நாள் வியாபாரம் மறுநாளைக்குள் புளித்துக் குப்பைக்குப் போகும் என்பது எனக்கே புரிந்தது. பெரிய கிரைண்டரை இன்வெர்ட்டர் தாங்காது. நான் வளிமண்டலத்தைப் பற்றி ஏதோ தொடங்கினேன். என் மனைவி குறுக்கே வந்தாள். பெரிய கிரைண்டரைத்தானே தாங்காது, நம் வீட்டுச் சின்னக் கிரைண்டரைத் தாங்குமே என்றாள். இந்தக் கட்டடத்தில் கிரைண்டர் இல்லாத வீடும் இல்லை, இன்வெர்ட்டர் இல்லாத வீடும் இல்லை. இதைச் சொல்ல அவளுக்கு எந்தக் கண்டத்தின் உதவியும் தேவைப்படவில்லை.

அடுத்த கால் மணியில் அரிசி வாளி வாளியாக மாடி ஏறியது. எங்கள் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு சமையலறைக்குக் கிடையாது, ஹாலுக்குத்தான் உண்டு. அதனால் ஒன்பது வீட்டிலும் டிவி இருக்கும் இடத்துக்குக் கிரைண்டர் குடிவந்தது. குடும்பம் முழுக்க சோபாவில் உட்கார்ந்து அதையே பார்த்தது. வெளியே காற்று ஊளையிட, உள்ளே மூன்று மாடியும் கடகடவென்று அரைபட, மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, மாவை விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஜலம் விடுங்கோ" என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடியில் நீதிபதியாக ஓய்வு பெற்ற ஒருவர் உளுந்து பொங்கி வருவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பாய் வீட்டுக் கிரைண்டர் மட்டும் சண்டி பண்ணியது. அவர் உள்ளே போய், தை மாதம் கல்யாணமாகப் போகும் மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கிரைண்டரை அட்டைப்பெட்டியோடு தூக்கிவந்தார். மாமி பதறிப்போய் வேண்டாம் என்றார்.

"பிரிங்க மாமி. உங்க கையால முதல் மாவு அரைச்சீங்கன்னா எங்க பொண்ணு இட்லி பூ மாதிரி வரும். அவ அம்மா இட்லி வச்சு செவுரு கட்டலாம்."

உள்ளேயிருந்து பாயின் மனைவி உருதுவில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க பாய் மறுத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு சிக்கல். பேட்டரி கிழடு. கிரைண்டர் ஓட வேண்டும், இல்லையென்றால் என் கம்ப்யூட்டரும் வைஃபையும் ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று அழுதது. திரையில் புயலின் கண் எண்ணூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மனைவி அரிசி வாளியை என் காலடியில் வைத்தாள். நான் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். அந்தப் புயல் என் மேற்பார்வை இல்லாமலேயே கரையேறியது. ஒரு குறையும் வைக்கவில்லை.

மறுநாள் காலை தெருவில் முழங்கால் தண்ணீர். ரொட்டி இல்லை, பால் வண்டி வரவில்லை, ஹோட்டல்கள் மூடிக் கிடந்தன. மாமி வீட்டு வாசலில் மட்டும் தூக்குச்சட்டியும் டப்பாவுமாக மூன்று தெருவும் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றது. ஒன்பது மணிக்கு அண்டா காலி. நாலாவது தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், அவர்கள் இன்றுவரை வருகிறார்கள். ஒன்பது வீட்டு மாவும் ஒன்றாய்க் கலந்த அந்த இட்லி, பாய் சொன்ன பூ மாதிரியே வந்தது. எங்கள் வீட்டுப் பங்கில் ஏழு இட்லி நான் சாப்பிட்டேன், பிராயச்சித்தமாக.

நாலு நாள் கழித்து மீன்கார அம்மா கூடையோடு வந்தார். மாமி உள்ளே கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். பகுத்தறிவும் பணிவும் ஒருசேர வந்துவிட்ட மனிதனாக நான் அந்த அம்மாவிடம் போய், என்னை மன்னிக்க வேண்டும், செயலிகளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அலையைப் பார்த்தீர்களா, காற்றின் ஈரத்தில் கண்டுபிடித்தீர்களா, தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்தவர்களுக்கு அது எப்படித்தான் புரிகிறது என்று கேட்டேன். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்றும் உள்ளுக்குள் ஓர் எண்ணம்.

உள்ளே கிரைண்டர் நின்றது. மாமியும் கேட்கிறார் போலும்.

அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடலா? டிவில கீழ எழுத்து ஓடிக்கினே இருந்துச்சே சார், மத்தியானம் பன்னண்டு மணின்னு. உங்க வூட்ல டிவி இல்ல?"