எந்த ஊசி?

கிடங்கில் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வழவழப்பான பிளாஸ்டிக் மூட்டை வெறுங்கைக்கு அடங்காது. இவர் இடுப்பிலிருந்து இரும்புக் கொக்கியை உருவி ஒரு குத்து, ஒரு இழுப்பு, மூட்டை முதுகில். அவர் மனைவி அதே கிடங்கில் மூட்டைகளின் வாயைத் தைப்பவள்.

"உன் ஊசியும் என் கொக்கியும் இல்லேன்னா முதலாளி கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்று பீற்றிக்கொள்வார்.

"இப்படி வாங்க, அந்த வாயையும் சேர்த்துத் தச்சிடுறேன்" என்பாள்.

போன மழைக்காலத்தில் மூட்டை அடுக்கு சரிந்து அவர் மேல் விழுந்தது. மண்ணீரல் கிழிந்துவிட்டது, எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். "மண்ணீரல் இல்லாமலும் வாழலாம்மா" என்று டாக்டர் சொன்னதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்கப்புறம் டாக்டர் சொன்னது காதில் ஏறினால்தானே? வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவசரமாக, "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டாச்சு" என்றாள் இவள். அடிபட்ட அன்று, இரும்புக் கொக்கி கிழித்த கையில் போட்டார்களே, அதைச் சொன்னாள். நர்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

உடம்பு தேறி அவர் வேலைக்குத் திரும்பினார். ஒருநாள் காலையில் குளிர்காய்ச்சல்.

"நாலு மூட்டை தூக்கினா வேர்த்து விட்டுடும்டி" என்று கிளம்பினார். மதியத்துக்குள் உதடு நீலம் பாரித்து, பேச்சு குழறி, கிடங்கு வாசலிலேயே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை உட்காரவைத்துப் பேசினார். "சில கிருமிக்கு மேல வழவழன்னு ஒரு உறை இருக்கும்மா. ரத்தத்துல இருக்கிற காவல் அணுக்கள் பிடிக்கப் போனா வழுக்கிடும். அது மேல ஒட்டிப் பிடிகொடுக்க உடம்பே ஒரு பொருளைச் செய்யும். அப்பவும் தப்புறதை மண்ணீரல் வடிகட்டிப் பிடிச்சிடும். இவருக்கு அது இல்லியே. அதனாலதான் முன்னாடியே ஊசி போட்டு அந்தப் பிடியைத் தயாரா வைக்கிறது."

"கொக்கி மாதிரியா?"

"ஆமா, கொக்கியேதான்."

"ஊசி போட்டோமே, டாக்டர்!"

"எந்த ஊசி?"

அவள் கையைத் தொட்டுக் காட்டினாள். "இரும்பு கிழிச்சதுக்கு..."

"அது ரணஜன்னிக்குப் போடுறதும்மா. இது வேற ஊசி" என்றார் டாக்டர். ஒரே ஒரு சொல்லில் அவரை நானே கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அது அவள் குற்றமில்லை என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார். துணிமணிகளைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்கள். உள்ளே இருந்த கொக்கி அவள் விரலைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்து ஓடிவந்த நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தியபடி கேட்டாள்:

"ஊசி போட்டாச்சா?"

"எந்த ஊசிம்மா?" என்று கேட்டு அவள் ஓவென்று அழுதாள்.