பசுவைக் கொடுத்து வாங்கிய மெஷின்

எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு போனவர்தான் அந்த மெஷினை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மெஷின் வீட்டுக்குள் வந்தது. பசு தெருவில் போனது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கமலை வால் தைப்பவர். அன்றைக்குத் திண்டுக்கல்லைச் சுற்றிக் கிணறுகளில் மாடு பூட்டிக் கமலையில்தான் தண்ணீர் இறைப்பார்கள். இறைக்கிற பெரிய இரும்புச் சாலுக்கு அடியில் தோலால் குழாய் போல ஒன்று தொங்கும். தண்ணீர் அது வழியாக வாய்க்காலில் கொட்டும். அதுதான் வால். குஜிலியம்பாறைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் அதற்கு எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். தோலைக் குத்தூசியால் குத்தி, மெழுகு பூசிய நூலை இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். பிடி தளர்ந்தால் தண்ணீர் பாதியிலேயே ஒழுகிவிடும்.

அந்த வருஷம் அப்பாவுக்கு வலது கட்டைவிரல் மடங்காமல் போனது. எண்ணெய் தடவிப் பார்த்தார். பச்சிலை வைத்துக் கட்டிப் பார்த்தார். மடங்கவில்லை. பிறகு அப்பா குத்துவார், அம்மா எதிரே உட்கார்ந்து நூலை இழுப்பாள். அவள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒரு வால் ஒழுகுகிறது என்று திரும்பி வந்தது. அப்புறம் இன்னொன்று வந்தது. வால் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள்.

தோல் பை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதை விட்டுவிட்டு டீக்கடை வைக்கப் போனார். தோல் தைக்கிற பெரிய மெஷின் அவரிடம் சும்மா கிடந்தது. அவருக்குப் பால் வேண்டும். எங்களிடம் கறவை மாடு இருந்தது. பேச்சு அப்படி முடிந்தது.

“ஓட்டிப் பாருங்கண்ணே. சரிப்படலேன்னா ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வாரேன். மெஷினை எடுத்துக்கிட்டு மாட்டை விட்டுட்டுப் போறேன்” என்றார்.

இது என் காதில் விழுந்தது. மெஷின் தைக்கக் கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். கேட்டது கிடைக்கிற மாதிரிதான் இருந்தது.

மெஷின் கறுப்பாக, கனமாக இருந்தது. அப்பா மண்ணெண்ணெய் ஊற்றி அழுக்கைக் கழுவினார். எண்ணெய் விட்டார். சக்கரம் சுற்றியது, ஊசி இறங்கியது, தோலையும் குத்தியது. தையல் மட்டும் விழவில்லை. ஒன்று விழும், அடுத்தது விழாது. அப்புறம் நூல் அறுந்துவிடும். அப்பா ஊசியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். தோலை அமுக்குகிற காலைத் தளர்த்தினார், இறுக்கினார். ஊசி பிடித்திருக்கிற கம்பியை நெல்மணி அளவு இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். திருப்புளியை இடது கையில்தான் பிடிப்பார். அது நழுவி நழுவி விழும். விழுகிற சத்தம் கேட்டால் அம்மா அடுப்படியில் அப்படியே நிற்பாள்.

பக்கத்து வீட்டில் பூட்டு செய்கிற மாமா தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்.

“என்ன மச்சான், எம்புட்டுக் கறக்குது?”

“இன்னும் பழகலே” என்பார் அப்பா.

“காலைக் கட்டிட்டுக் கறந்து பாரு.”

மாமா சிரிப்பார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா மாமாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் அவர் வந்துவிடுவார். அப்பா மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். கீழே இருக்கிற கொக்கி நூலை எங்கே தவற விடுகிறது என்று பார்க்க வேண்டும். மேலே சக்கரத்தைக் கையால் சுற்றுகிற வேலை எனக்கு.

“மெதுவா. இன்னும் மெதுவா. நிப்பாட்டு புள்ளே.”

நான் நிறுத்தினேன். முகத்துக்கு நேரே ஊசி நின்றது. ஊசிக் காதுக்குச் சற்று மேலே நூல் புரி கழன்று மூன்று இழையாகப் பிரிந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மெஷின் லாயக்கில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

“அம்மா, இந்த மெஷினு நூலையே பிரிச்சுப் போடுது” என்றேன்.

அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்தாள். அது அவள் திரித்த நூல். தொடையில் வைத்து, முழங்காலைப் பார்க்கத் தள்ளித் தள்ளி உருட்டித் திரிப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நூலில்தான் அப்பா தைத்தார்.

“நூலு சரியில்லையோ?” என்றார் அப்பா கீழேயிருந்து.

“இத்தனை வருசம் சரியா இருந்துச்சு. இப்ப மட்டும் என்னவாம்?” என்றாள். சொன்னாளே தவிர, நூலை விடவில்லை. விரலால் நெருடிப் பார்த்தாள். என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிப் பார்த்தாள். ஊசி ஏறி இறங்க ஏறி இறங்க நூல் பிரிந்துகொண்டே வந்தது.

“நான் முறுக்குன பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா இது பிரிச்சுவிடுதுங்க. கைத்தையலுக்குச் சரி. இதுக்கு எதிர்ப்புரி வேணும்போல.”

அப்பா மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலிலிருந்து தன் பக்கமாக இழுத்து உருட்டினாள். கை கேட்கவில்லை. பழக்கத்தில் முன்னால் தள்ளிவிடும். பிரித்துவிட்டு மறுபடி உருட்டினாள். தொடை சிவந்தது. கொஞ்ச நீளம் தேறியதும் அப்பா மெழுகு பூசிக் கோத்தார், மிதித்தார். மெஷின் சத்தம் அதற்கு முன்னே கேட்டது மாதிரி இல்லை. தையல் ஒன்று விடாமல் வரிசையாக விழுந்தது.

ஒரு சிறு வால் தைத்து, முனையை மடக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஒழுகலே” என்றார்.

நான் கொட்டத்தில் போய், மாடு கட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரர் வந்தார். மாடு இல்லாமல் தனியாகத்தான் வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணே, மாட்டை மட்டும் திருப்பிக் கேட்டுராதீங்க. கடை தொறந்தாச்சு. அந்தப் பாலை நம்பித்தான் ஓடுது.”

“உள்ள வாங்க” என்றார் அப்பா. உட்கார்ந்து மிதித்தார்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தைத்த தோலை வாங்கி இழுத்தார், நகத்தால் நெம்பினார். அது அசையவில்லை.  பிறகு என்னைப் பார்த்தார். நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் கண்ணில் தண்ணீர் இருந்தது.

“புள்ள மொகத்தைப் பாருங்கண்ணே. பச்சப் புள்ள ஏங்கிப் போச்சு. வேணாம்ணே, இந்தப் பாவம் நமக்கு எதுக்கு? மாட்டை ஓட்டிட்டு வந்துருங்க. மெஷினை நான் தூக்கிக்கிறேன்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அப்பா தன் வலது கையை மடியில் வைத்திருந்தார். கட்டைவிரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

“பேசுனது பேசுனதா இருக்கட்டும்” என்றார்.

“புள்ளைக்காகச் சொல்றேன்.”

“புள்ளைக்காகத்தான் நானும் சொல்றேன்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அப்பா மேல் எனக்கு வந்த கோபம் லேசில் போகவில்லை. இரக்கமுள்ள மனுஷன் வாசல் வரை வந்து கொடுக்கிறேன் என்கிறார், சொந்த அப்பா வேண்டாம் என்கிறார்.

பிறகு அவர் டீக்கடைப் பக்கம் அடிக்கடி போனேன். பின்னால்தான் பசு கட்டியிருக்கும். தடவிக் கொடுத்துவிட்டு வருவேன். அவர் ஒரு டம்ளர் பால் கொடுப்பார். ஒரு நாள் அப்பாவிடம் வந்து, அவர் ரொம்ப நல்லவர் என்று சொன்னேன்.

“ஆமா” என்றார் அப்பா. தலை நிமிரவில்லை, மிதிப்பதையும் நிறுத்தவில்லை.

அந்த ஆமா எனக்கு விளங்க ரொம்ப நாளாயிற்று. மெஷின் தைத்ததைப் பார்த்த பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.