ரெஜினா அக்கா நான்காவதாக வந்த பந்தயம்

வண்டலூரில் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது ஜேம்ஸ் அண்ணன் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கம்மா." மனைவியைப் பற்றி அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ரெஜினா அக்காவும் நானும் தாம்பரத்தில் ஒரே அலுவலகம். கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் நீச்சல், நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். இவை மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் நெடுந்தூர டிரையத்லானில் அவர் தேசிய சாம்பியன். முடிச்சூரிலிருந்து கேளம்பாக்கம் வரை சைக்கிளில் போய்த் திரும்பிய பிறகுதான் அலுவலகம் வருவார். மதியச் சாப்பாடும் நின்றுகொண்டேதான். "உக்காந்தா தூக்கம் வருதுடி" என்பார். வராமல் என்ன செய்யும்!

போட்டிக்கு முந்தைய நாள் அவரோடு பெரும்பாடு. ஓட்டத்துக்கான ஷூவையும் தொப்பியையும் ஒரு பையில் கட்டிப் போட்டி நடத்துபவர்களிடம் முன்னாலேயே ஒப்படைக்க வேண்டும். அக்கா அதைப் பத்துத் தடவை பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். அதனால் அண்ணன் அந்த வேலையைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

உலகப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டிய பந்தயம் அது. சைக்கிளை விட்டு முதல் ஆளாக இறங்கிய அக்கா பையைப் பிரித்தார். அவரிடம் ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி ஷூ உண்டு. நான் வைத்திருந்தவை இரண்டுமே இடதுகாலுக்கானவை. வேலிக்கு வெளியே நின்ற என்னை ஒரு முறை பார்த்தார். வலதுகாலையும் இடதுகால் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நகங்கள் பெயர்ந்து, நான்காவதாக வந்தார். வாய்ப்பு போயிற்று.

நிருபரிடம், "வயிறு பேஜார் பண்ணிடுச்சு சார்" என்றார். அழுதுகொண்டிருந்த என்னிடம், "தெரிஞ்சா உன்னைக் காய்ச்சி எடுத்துடுவாங்க. நான் இருக்கற வரைக்கும் வாயைத் திறக்காத" என்றார். அடுத்த போட்டிக்கும் பை கட்ட என்னைத்தான் கூப்பிட்டார். இந்த முறை பத்துத் தடவை பிரித்துப் பார்த்தது நான்.

உலகப் போட்டி மறுபடி அமையவில்லை. புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியிலும் படுக்க மாட்டார், டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடப்பார்.

அடக்கத்தன்று பேசிய ஒருவர், "அன்னிக்கு மட்டும் சாப்பாட்டுல கவனமா இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுந்து சொல்ல எனக்குத் துணிவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் இல்லை.

அக்காவின் வயிற்றுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அவர் தோற்றது என்னால்.

நீங்கள் இருந்த வரைக்கும் வாயைத் திறக்கவில்லை அக்கா. போய் வாருங்கள்.