பாவின் மேல் விழுந்த அம்மன் புடவை

இல்லை கோவிந்தா, புடவை தரையில் விழவே இல்லை. போன வாரம் கல்யாணப் பந்தியிலும் "விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் பாயசத்தை முடித்துக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறிவிட்டாய். அதனால் இங்கே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் அதற்கும் சேர்த்துச் சண்டைக்கு வா.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோவிந்தன் என் மனைவியின் தம்பி. அவனுக்கு அடுத்தவள் பச்சையம்மா. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் ஆரணியிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு நடந்தோம். பச்சையம்மாவின் பையன் விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தான். தன் கையால் ஒரு பட்டுப்புடவை நெய்து, தலையில் வைத்து நடந்தே கொண்டுபோய் அம்மனுக்குச் சாத்துவதாக அவள் வேண்டியிருந்தாள். வழியில் புடவை தரையைத் தொடக்கூடாது. தொட்டால் வேறு புடவை நெய்து அடுத்த ஆடியில்தான் வர வேண்டும். கூலிக்கு நெய்த நேரம் போக மிச்ச நேரத்தில் நெய்து முடிக்கவே அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. இன்னொரு வருஷம் அம்மன் பொறுப்பாளா, பையனுக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமா என்பதுதான் அவள் பயம்.

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். சந்தவாசல் வழியாக முப்பது கிலோமீட்டர் பக்கம் வரும். செருப்பு கிடையாது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டே பழகியவர்களுக்கு முதல் பத்து கிலோமீட்டர்தான் தொல்லை. அப்புறம் கால் மரத்துப்போகும், வலி தெரியாது.

"மாமா, சும்மா பேசிகினே வராதீங்க. மூச்சு வாங்குது பாருங்க," என்றாள் பச்சையம்மா.

"பேச்ச நிறுத்தினா நான் தூங்கிடுவேன் மச்சினி. அப்புறம் புடவையோட என்னையும் நீதான் சுமக்கணும்."

ஏழு மணி வாக்கில் ஒரு நெசவாளர் ஊருக்குள் போனோம். தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுமுன் பட்டு நூலை இப்படி விரித்துச் சரிபார்ப்பது வழக்கம். அதை ஒரு கிழவரும் அவர் மருமகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தூறல் விழுந்தது. நனைந்தால் பட்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

"ஜல்தி! ஜல்தி! கை குடுங்க!" என்று கிழவர் கத்தினார்.

யார் வீட்டுப் பாவானாலும் எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கால் நிற்காது. மூவரும் ஓடினோம். பச்சையம்மா தலைச்சுமையை மறந்து இரண்டு கையாலும் பாவைப் பிடித்துக் குனிந்தாள். துணியில் சுற்றிய புடவை சரிந்து விழுந்தது, விரித்த பாவின் நடுவில். ஏழெட்டு இழை அறுந்தது. மூட்டை மட்டும் கீழே இறங்காமல், தொட்டில் போலத் தொங்கிய நூலில் நின்றது.

அவள் முகம் செத்துப்போனது.

"போச்சு. திரும்பி நட," என்றான் கோவிந்தன். "தலைய விட்டுப் போச்சுன்னா போச்சுதான்."

பாவைச் சுருட்டித் தாழ்வாரத்தில் ஏற்றியபின் கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, நீ நெய்றவன்தானே? பாவ செருப்போட தாண்டுவியா?"

"மாட்டேன்."

"தீட்டோட தொடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் அது எப்படிப்பா தரை ஆவும்? அறுத்தது என் பாவு. நானே பேஜார் பண்ணல, நீ ஏன் குதிக்கிற?"

பச்சையம்மா புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இப்போது நடக்க நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறுமுன் சந்தவாசலைத் தாண்டிவிடுங்கள். தார்ரோடு சுட ஆரம்பித்தால் ஓரத்து மண்ணில் நடந்து போங்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், மற்ற நாளில் அம்மனை நின்று பார்க்கலாம். திரும்பும்போது பஸ் ஏறுங்கள், வீரம் வேண்டாம்.

பிற்பகலில் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோவிந்தன் வழியெல்லாம் முணுமுணுத்ததில் பச்சையம்மா மறுபடி கலங்கியிருந்தாள். நான் அவளை ஓரமாக நிறுத்தினேன்.

"இதோ பாரு மச்சினி, பூசாரி ஏதாச்சும் கேட்டா விழுந்ததுன்னு சொல்லாத. சாஞ்சுதுன்னு சொல்லு. அதுக்கும் மேல கேட்டா, வழியில இன்னொரு வீட்டுப் பாவுக்கும் அம்மன் புடவை பட்டு ஆசீர்வாதம் ஆச்சுன்னு சொல்லு. அப்பவும் ஒத்துக்கலன்னா..."

அதற்குள் பச்சையம்மா தலைமேல் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.