ஒட்டுக்கு வந்த சிஸ்டர்

ராதோய்காவின் பையில் எப்போதும் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு இருக்கும். மொராவா ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பிறந்த எந்த வீட்டுக்குள்ளும் அதை மாட்டிக்கொண்டுதான் நுழைவார். அரசு சுகாதார நிலையத்துச் செவிலியர். வீடு வீடாகப் போவதே வேலை. எங்கள் மகளைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். நாடு விட்டு வந்தவன், எதற்கெடுத்தாலும் பயந்து போன் போடுவேன்; முதலில் சிரிப்பார், பிறகுதான் பேசுவார்.

அந்த வசந்தத்தில் பக்கத்து நகரத்தில் தட்டம்மை பரவியது. பெற்றோர் வரட்டும் என்று காத்திருக்காமல், மருத்துவரோடு தடுப்பூசி வேனைக் கிராமங்களுக்கே அனுப்பச் சொன்னது அரசு. எங்கள் ஊரில் ஊசி போடாமல் பாக்கி ஒரே குழந்தை: பிளம் தோட்டக்காரர் மிலுதினின் ஒன்றரை வயது மகள் துன்யா. தடுப்பூசி என்றாலே மிலுதின் போனை வைத்துவிடுவார்.

இந்த முறை போனில் ராதோய்கா ஊர்ச் சொல்லில் சொல்லிப் பார்த்தார். "வியாழக்கிழமை பெல்ட்சோவன்யேக்கு வேனோட வரோம், மிலுதின்."

"வாங்க சிஸ்டர், தாராளமா வாங்க!"

இங்கே ஊசி போடுவதற்கும் அந்தச் சொல்தான், மரத்துக்கு ஒட்டுக் கட்டுவதற்கும் அதுதான்.

வியாழக்கிழமை முற்றத்து மேசையில் கத்தி, நாடா, ஈரச்சாக்கு, ஒரு குப்பி பிளம் சாராயம் எல்லாம் தயாராக இருந்தன.

"ஒட்டுக் குச்சி எங்க சிஸ்டர்? அரசாங்கம் குடுக்கிற புது ரகம்தானே?"

"எந்தக் குச்சி?"

சமையலறை ஜன்னலில் மனைவி வெரிட்சா விழுந்து விழுந்து சிரித்தாள். "யோவ், ஒட்டு உன் மரத்துக்கு இல்லய்யா, மகளுக்கு!"

மிலுதின் முகம் சிவந்தது. "ஏமாத்திட்டீங்க."

"சத்தியமா இல்ல. நீங்க மனசு மாறிட்டீங்கன்னு வழியெல்லாம் சந்தோஷமா வந்தேன். என்னதான் பயம் உங்களுக்கு?"

மிலுதின் கத்தியை மடக்கினார். "தம்பி பையனுக்கு ஊசி போட்ட அடுத்த வாரம் காய்ச்சல்ல வெட்டி வெட்டி இழுத்துச்சு. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். இவளுக்குக் காய்ச்சல் வராதுன்னு சொல்லுங்க, இப்பவே தூக்கிட்டு வரேன்."

வராது என்று ஒரு வார்த்தை போதும். ராதோய்கா சொல்லவில்லை.

"வரலாம். இழுப்பு வர்றது அபூர்வம். அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?"

"என் டிராக்டரை உடைச்சுட்டு இருக்கான்."

"தட்டம்மை அப்படி விட்டுட்டுப் போகாது, மிலுதின். நெஞ்சைப் பிடிச்சா மூச்சுக்குத் திணறும். நான் பாத்திருக்கேன்."

மிலுதின் நாடாவை விரலில் சுற்றினார். "ஒட்டுக் கட்டினவங்க துளிர் விடற வரைக்கும் வந்து பாக்கணும். அது எங்க வழக்கம்."

"செருப்பு பையிலயே இருக்கு."

காற்று படாமல் மகளைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு வேனுக்கு நடந்தார் மிலுதின்.

அடுத்த வாரம் துன்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. போன் போனது, ராதோய்காவும் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து மருந்து கொடுத்தார், நெற்றியைத் துடைத்தார். மிலுதின் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். சாயங்காலம் குழந்தைக்கு வேர்த்துவிட்டது. எழுந்து இறங்கி, ராதோய்காவின் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு சமையலறை முழுக்க இழுத்து இழுத்து நடந்தது.

மிலுதின் ராதோய்காவின் காலைப் பார்த்தார்.

"சிஸ்டர், வெறுங்கால்ல நிக்காதீங்க, தரை சில்லுனு இருக்கு! காய்ச்சல் வந்துடப் போகுது!"